கண்ணைப் பார்த்துச் சொல்லு!

"என் கண்ணைப் பார்த்துச் சொல்லு" என்று அதட்டாத அப்பாவும் மேனேஜரும் அபூர்வம். பொய் சொல்பவன் கண்ணைத் தாழ்த்துவான் என்பது நம் ஊர் நம்பிக்கை மட்டுமல்ல. பொய்யனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று 58 நாடுகளில் விசாரித்து 2006இல் வெளியான ஆய்விலும் இதுதான் முதலிடம் பிடித்தது. உலகமே ஒருமனதாக நம்பும் விஷயங்கள் குறைவு. கிடைத்த ஒன்றும் சொத்தை. அதே ஆண்டு உளவியலாளர்கள் சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிக் கணக்குப் பார்த்தார்கள். ஆளையும் பேச்சையும் மட்டும் வைத்து மனிதர்கள் பொய்யையும் மெய்யையும் சரியாகப் பிரித்தது சராசரி 54 சதவீதம். காசைச் சுண்டிவிட்டாலே 50 வந்துவிடும். மிச்சம் நான்கை நம்பித்தான் இத்தனை உருட்டல் மிரட்டல். போலீஸ்காரர்களும் இதில் பெரிதாகக் கிழித்துவிடவில்லை. போதாக்குறைக்கு, பெரியவர்களை நேருக்கு நேர் பார்ப்பது திமிர் என்று சொல்லி வளர்த்துவிட்டு, பிள்ளை தலைகுனிந்தால் திருட்டுமுழி என்கிறோம். பழகின புளுகனோ கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே கதை விடுகிறான்.

"எங்க வீட்டு அம்மா மட்டும் டக்குனு கண்டுபிடிச்சிடுறாளே!" என்று கணவன்மார் பலர் ஆட்சேபிப்பார்கள். அம்மணி கண்டுபிடிப்பது முகத்தில் அல்ல, சலவைக்குப் போட்ட சட்டைப் பையில். "மீட்டிங்" நடந்த மாலையில் இரண்டு நெய் ரோஸ்ட், ஒரு பாதாம் அல்வா வாங்கிய ரசீது அங்கே பத்திரமாக மடிந்திருக்கிறது. அதுவும் இல்லையென்றால் எதிர்வீட்டு மாமி இருக்கிறார். தங்களிடம் சொன்ன பொய் எப்படி வெளிப்பட்டது என்று ஆட்களைக் கேட்டுப் பார்த்த 2002ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வும் இதையே சொல்கிறது: மூன்றாம் ஆள் வாய், கையில் சிக்கிய ஆதாரம், ஒப்புதல். அதுவும் பெரும்பாலும் தாமதமாகத்தான்.

அலுவலகத்தில் ரசீது கிடைக்காது. கேள்வியைத்தான் மாற்ற வேண்டும். "வேலை முடிஞ்சுதா?" என்றால் "தொண்ணூறு சதவீதம் முடிஞ்சுது சார்" என்ற பதில் தயாராக இருக்கும். "முடிஞ்ச வரைக்கும் காட்டுங்க" என்றால் தொண்ணூறு முப்பதாகிவிடும். லீவ் விஷயத்தில் தப்பு காரணம் கேட்பவர் பக்கம்தான். "ஒருநாள் தூங்கணும்" என்று எழுதினால் கிடைக்காத விடுப்பு, பாட்டி இறந்தால் உடனே கிடைக்கிறது. இப்படித்தான் ஒரே பாட்டி வருஷத்துக்கு மூன்று முறை சாகிறார். நன்மைக்காகப் பொய் சொல்லலாம் என வள்ளுவரைச் சாட்சிக்கு இழுப்பவர்களுக்கு ஒரு தகவல்: குற்றமற்ற நன்மை என்று அவர் நிபந்தனை போட்டிருக்கிறார். மூன்றாம் தடவை சாகும் பாட்டி அதில் அடங்கமாட்டார்.

"அப்போ எல்லாரையும் நம்பிட்டு ஏமாறச் சொல்றீங்களா?" என்று கேட்கலாம். 2010இல் வெளியான ஓர் அமெரிக்கக் கணிப்பில், ஆயிரம் பேரில் சுமார் அறுபது சதவீதத்தினர் முந்தைய 24 மணி நேரத்தில் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்றார்கள். மொத்தப் பொய்களில் ஏறக்குறையப் பாதி வெறும் ஐந்து சதவீதம் பேருடையது. அந்த வாக்குமூலத்திலேயே பொய் கலந்திருக்கலாம்தான். ஆனாலும் அந்தச் சிலருக்காக மற்றவர்களையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது வீண்வேலை. அந்தப் புளுகர்களிடம் மட்டும் எதையும் எழுத்தில் வாங்குங்கள், கைமாற்று கொடுக்காதீர்கள்.

மற்றவர்களிடம் கண்ணை விட்டுவிட்டு விவரம் கேளுங்கள். "வந்துட்டே இருக்கேன்" என்று போனில் சொன்னால், "எந்த ஸ்டாப்?" என்று சாந்தமாகக் கேளுங்கள். பின்னணியில் குக்கர் விசில் கேட்டால், நீங்களும் குளித்துவிட்டு நிதானமாகக் கிளம்பலாம்.