உரிமையைப் பறிக்க விரும்பும் ஆட்சியாளருக்குச் சில யோசனைகள்

முதலில் இடம் பாருங்கள். கோவை ஆர்.எஸ்.புரம் வேண்டவே வேண்டாமுங்க. டி.பி. ரோட்டில் ஒருத்தரை நிறுத்தி அறைந்தால் அவர் வக்கீலாக இருப்பார். இல்லாவிட்டால் அவர் மச்சான் வக்கீலாக இருப்பார். மறுநாளே ரிட் மனு, பேப்பரில் படம். அதே அரசு, அதே லத்தி, மலையேறினால் கதையே வேறு. சந்தனக் கடத்தல்காரன் வீரப்பனைத் தேடிய காலத்தில் மலைக்கிராமத்து ஆட்களை அதிரடிப்படை கொண்டுபோன மாதேஸ்வரன் மலைக் கொட்டடிக்கு 'ஒர்க்‌ஷாப்' என்று பெயர். அங்கே உடம்பில் கரண்ட் வைத்தார்கள். அந்த அலறல் கோவைக்கு வந்துசேர வருஷக்கணக்கானது.

அடுத்து, பயம். 1998 பிப்ரவரி 14-ல் பா.ஜ.க. தலைவர் அத்வானி பேசவிருந்த ஆர்.எஸ்.புரம் உட்பட ஊரெங்கும் குண்டு வெடித்து 58 பேர் செத்தார்கள். ஊர் பயந்ததில் தப்பே இல்லை. அப்படிப்பட்ட நியாயமான பயம்தான் உங்களுக்கு முதலீடு. யாரை எத்தனை காலம் உள்ளே வைத்தாலும் பிறகு ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். அந்த வழக்கில் மார்ச்சில் கைதான கேரள அரசியல்வாதி மதானி, ஜாமீன் கிடைக்காமல் ஒன்பது வருஷம் சிறையில் இருந்தார். 2007 ஆகஸ்டில் குற்றவாளி இல்லை என்று கோர்ட் விடுவித்தது. ஒன்பது வருஷத்தை யாரும் திருப்பித் தரவில்லை.

உலகம் கேட்டால் கையெழுத்துப் போடுங்கள். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-ல் போட்டது. ஒப்புதல் மட்டும் இன்னும் தரவில்லை.

பரிசு முக்கியம். 2004-ல் வீரப்பன் கொல்லப்பட்டதும் தமிழக அதிரடிப்படையினர் ஒவ்வொருவருக்கும் 3 லட்சம் ரூபாய், வீட்டுமனை, ஒரு படி பதவி உயர்வு. மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழு அதிரடிப்படையின் அத்துமீறலை விசாரித்த பிறகு, பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2007-ல் எல்லாம் சேர்த்து 2.80 கோடி. அடிக்கிறவன் எந்தப் பக்கம் லாபம் என்று கணக்குப் போடத் தெரிந்தவன்தானே!

அர்ஜென்டினாவைப் பார்த்துக் கெட்டுப்போகாதீர்கள். அங்கே 1985-ல் முன்னாள் ராணுவ ஆட்சியாளர் விடேலாவுக்கே ஆயுள் தண்டனை கொடுத்தார்கள்.

கடைசியாக, வழக்கை இழுங்கள். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று பழங்குடி கிராமமான வாச்சாத்திக்குள் புகுந்த வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் 18 பெண்களை வன்புணர்ந்தார்கள். தீர்ப்பு வர 19 வருஷம். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்தே போனார்கள்.

ஆனால் ஒன்று: அந்தப் பெண்களும் மலைவாழ் மக்கள் சங்கமும் கோர்ட்டுப் படியை விட்டு இறங்கவில்லை. உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை கிடைத்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்துவிட்டது.