புளிக்காத பதில்கள்

பழங்கால மதுவை வீட்டிலேயே தயாரிக்க ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?
மதுவிலக்குச் சட்டத்திலிருந்து. நம் ஊரில் அது 1937-லேயே வந்துவிட்டது. பிரிட்டனில் இருந்து எழுதுகிறீர்கள் என்றால் கவலையில்லை: தேன் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, கொஞ்சம் ஈஸ்ட். ‘மீட்’ என்பார்கள்.

தேனில் தண்ணீர் கலந்தால் கலப்படம் ஆயிற்றே?
கடைக்காரர் கலந்தால் கலப்படம். நீங்கள் கலந்தால் கலை. தண்ணீர் சேராத நல்ல தேன் புளிக்காது. ஈஸ்ட் பெருகும் அளவு ஈரம் அதில் இல்லை.

ஜாடியை இறுக்கி மூடிவிடலாமா?
சுவருக்கு வெள்ளையடிக்கும் எண்ணம் இருந்தால் மூடலாம். புளிக்கும்போது கரியமில வாயு கிளம்பும். ‘புளுக் புளுக்’ என்று அது வெளியேற வழி விடாவிட்டால் ஜாடியே வெடிக்கும்.

சுமேரியர்கள் பீரை நீண்ட குழாயால் உறிஞ்சினார்களாமே, அவ்வளவு நாகரிகமா?
நாகரிகம் பாதி, உமி பாதி. வடிகட்டாத பீரில் மேலே மிதந்ததைத் தவிர்க்க வேண்டாமா?

1516-ல் பவேரியா, பீருக்கு மூன்றே பொருள் என்று சட்டம் போட்டதாமே?
பார்லி, ஹாப்ஸ், தண்ணீர். ஈஸ்டைக் காணோம்! உழைப்பவர் பெயர் பட்டியலில் விடுபடுவது அப்போதே உண்டு.

சங்ககாலத்தில் மதுவை மூங்கில் குழாயில் வைத்து முதிரச் செய்தார்களாமே?
ஆமாம். தெளிந்தது தேறல். குடித்தவர் தேறினாரா என்பது வேறு கதை.