அப்பன் சொல்லே அம்பலம் ஏறும்: ஜாவாவின் வாரிசுத் தகராறு குறித்த ஓர் ஆராய்ச்சி

அப்பனும் மாமனும் ஒரே காரியத்துக்கு வெவ்வேறு வழி சொன்னால் பிள்ளை எதைக் கொள்வது என்னும் வழக்கு, 2014 மார்ச்சில் ஜாவா 8 வரும்வரை அந்த நிரல்மொழியில் எழவில்லை. கிளாஸ் அப்பன், ஒருவர்தான் இருக்க முடியும். இன்டர்ஃபேஸ்கள் மாமன்மார், எத்தனை பேரும் இருக்கலாம், ஏனெனில் அதுவரை அவர்கள் 'செய்' என்றார்களே ஒழியச் செய்முறை தந்ததில்லை. பழைய கலெக்‌ஷன் இன்டர்ஃபேஸில் ஸ்ட்ரீம் என்னும் மெதடைப் புதிதாகச் சேர்க்க வேண்டி வந்தபோது, அதை நம்பியிருந்த கிளாஸ்கள் கம்பைல் ஆகாமல் நின்றுவிடக்கூடாதே என்று மாமன்மாருக்கும் செய்முறை வைத்துக்கொள்ளும் உரிமை தரப்பட்டது. டிஃபால்ட் மெதட் என்பது அதன் பெயர். தகராறும் அன்றே பிறந்தது. (பைத்தானில் இவ்வளவு வம்பில்லை, பெரும்பாலும் அடைப்புக்குறிக்குள் எவர் பெயர் முன்னால் நிற்கிறதோ அவர் சொன்னதே சட்டம்.)

ஜாவாவின் விதி: மெதட் மோதினால் அப்பனே வெல்வார். உறவில்லாத இரு மாமன்மார் மோதினாலோ கம்பைலர் கைவிரித்துவிடும். பிள்ளைதான் எழுதித் தீர்க்க வேண்டும். இதன் கொடுமையைக் காண, ஜாவாவில் பெயர்களைத் தமிழிலும் இடலாம் என்பதால், 'சமை' என்றொரு மெதடைக் கொள்க. அப்பனிடம் அது அப்ஸ்ட்ராக்ட். தலைப்பு மட்டும் உண்டு, அடுப்பே இல்லை. மாமனிடமோ முழுச் சமையலும் தயார். ஆயினும் மகன் 'சமை'யை எழுதவில்லை என்று கம்பைலர் பிழை காட்டும். ஒன்றும் சொல்லாத அப்பன் எல்லாம் செய்த மாமனை வெல்வது அநீதி எனின், அற்றன்று. 2014க்கு முன்பே ஒருவர் தம் கிளாஸில் ஃபார்ஈச் என்று சொந்தமாக மெதட் எழுதியிருக்கலாம். இட்டரபிள் என்னும் இன்டர்ஃபேஸில் பின்னால் வந்த ஃபார்ஈச் அதை வெல்லுமாயின், ஜாவாவைப் புதுப்பித்த குற்றத்துக்காக அவர் நிரல் சத்தமில்லாமல் வேறு வேலை பார்க்கத் தொடங்கும். அப்ஸ்ட்ராக்ட் மெதடும் வெறும் மௌனமன்று. 'இதை என் வாரிசே எழுதட்டும்' என்னும் உயில் அது.

அப்படியாயின் டூஸ்ட்ரிங் என்னும் மெதடை மாமன் டிஃபால்ட்டாகத் தரலாமே எனின், தரவே முடியாது. கம்பைலர் வாசலிலேயே மறித்துவிடும். எல்லாக் கிளாஸுக்கும் மூதாதையான ஆப்ஜெக்ட்டிடம் அது முன்பே உள்ளது. எந்நாளும் தோற்கப்போகிற வழக்கைப் பதிவு செய்வானேன்?

ஆனால் அப்பனிடமும் மாமனிடமும் 'வரம்பு' என்று ஒரே பெயரில் ஃபீல்டு இருந்தால் அப்பன் வெல்வதில்லை. மகன் வெறுமனே 'வரம்பு' என்றால் 'எந்த வரம்பு?' என்று கம்பைலர் மறுக்கும். விதி குலைந்ததோ எனின், இல்லை. மெதட்டைப் போல ஃபீல்டை ஓவர்ரைடு செய்ய இயலாது. ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடிப்பதில்லை, இரண்டும் அப்படியே இருக்கின்றன. மகன் அதைத் தொடாதவரை கம்பைலரும் வாய் திறக்காது, 'மாமன்.வரம்பு' என்று முகவரியோடு கேட்டால் மறுபேச்சின்றிக் கொடுத்துவிடும்.