மயக்க மருந்து இதழில் பொய்யை அச்சேற்றுவது எப்படி?

முதலில் துறையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இதயவியலில் பொய் சொல்வது வீண் உழைப்பு. ஆயிரக்கணக்கான நோயாளிகளை ஐந்தாண்டு பின்தொடர்ந்ததாகக் கதை கட்ட வேண்டும். பத்து ஊர் மருத்துவமனைகளைச் சாட்சிக்கு இழுக்க வேண்டும். மயக்க மருத்துவத்தில் அந்தத் தலைவலி இல்லை. அறுபது பேரை மூன்று குழுவாகப் பிரித்தேன், ஆளுக்கொரு ஊசி போட்டேன், அறுவை சிகிச்சை முடிந்த 24 மணி நேரத்தில் யார் யார் வாந்தி எடுத்தார்கள் என்று எண்ணினேன் என்றால் ஆய்வு முடிந்தது. வாந்தியைப் பற்றிய சந்தேகத்துக்காக எவரும் நீதிமன்றம் ஏற மாட்டார்.

இந்த வழியில் வெகுதூரம் நடந்தவர் ஜப்பானிய மயக்க மருத்துவர் யோஷிடாகா ஃபூஜி. கிரானிசெட்ரான் என்ற வாந்தி தடுப்பு மருந்தை வைத்துக்கொண்டு கட்டுரைமேல் கட்டுரையாக எழுதினார். பின்னாளில் ஜப்பானிய மயக்க மருத்துவர் சங்கம் அவருடைய 212 கட்டுரைகளைத் தோண்டிப் பார்த்தபோது, 172 புனையப்பட்டவை என்று தெரிந்தது. அவற்றில் 126 ஆய்வுகள் அடியோடு கற்பனை. ஐயமின்றித் தேறியவை மூன்றே மூன்று. மேசையில் உட்கார்ந்து நாவல் எழுதியதைப் போல எழுதியிருக்கிறார் என்று விசாரணை அறிக்கையே வியந்தது. நாவலாசிரியர்கள் இதற்குக் கோபப்படலாம். அவர்கள் எழுதுவதில் ஆளுக்கு ஆள் வித்தியாசமாவது இருக்கும்.

அடுத்த பாடமும் அதுதான்: எண்களை அழகாக்காதீர்கள். பொய்யர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வில் பியூரெட் அளவு மூன்று முறையும் 18.2 என்று எழுதினால் ஆசிரியர் கண்டும் காணாமல் மதிப்பெண் போட்டுவிடுவார். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தால் ஒரு குழுவின் சராசரி வயது 41 ஆகும், இன்னொன்றில் 46 ஆகும். ஒரு பக்கம் உயரமானவர்கள் கூடிப்போவார்கள், மறுபக்கம் பருமனானவர்கள். குலுக்கல் என்றால் கொஞ்சம் கோணல் இருந்தே தீரும். எந்த அளவுக்குக் கோணல் வர வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. எல்லாக் குழுவும் வயது, உயரம், எடை மூன்றிலும் ஒட்டிப் பிறந்தவை போல இருந்தால், நோயாளிகள் வார்டிலிருந்து வரவில்லை, உங்கள் பேனாவிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று பொருள்.

ஃபூஜியின் எண்களில் இந்த அழகு தூக்கலாகவே இருந்தது. எந்த மருந்து கொடுத்தாலும் தலைவலி போன்ற பக்கவிளைவுகள் எல்லாக் குழுவிலும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கையில் வந்தன. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரிலிருந்து பீட்டர் கிராங்கேயும் உடன் இருவரும் 2000ஆம் ஆண்டிலேயே இதைக் கவனித்து, 'அனஸ்தீசியா அண்ட் அனல்ஜீசியா' இதழுக்குக் கடிதம் எழுதினார்கள். இந்தத் தரவுகள் நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருக்கின்றன என்பதைத் தலைப்பிலேயே போட்டு, முடிவில் ஒரு ஆச்சரியக்குறியும் வைத்தார்கள். மருத்துவ இதழில் ஆச்சரியக்குறி என்பது ஏறக்குறைய கெட்ட வார்த்தை.

பயந்துவிட வேண்டாம். கடிதம் அச்சானது, பதிலும் அச்சானது, அதோடு சரி. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பது கிராமத்துக் கணக்கு. ஆய்விதழ்களில் அதற்குப் பிறகும் பன்னிரண்டு ஆண்டு ஓடும். சக வல்லுநர் மதிப்பாய்வு என்ற பெயரைக் கேட்டு மிரள்கிறவர்கள் அது என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. இரண்டு மூன்று மருத்துவர்கள், டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தபின், பெரும்பாலும் காசு வாங்காமல், நீங்கள் அனுப்பியதைப் படித்துப் பார்ப்பார்கள். மூல ஏடு அவர்கள் கைக்கு வராது; நோயாளியைப் பார்க்கவும் மாட்டார்கள். எழுதியவர் நேர்மையானவர் என்ற நம்பிக்கையில்தான் அந்த வண்டி ஓடுகிறது. ஆய்வு சரியாக வடிவமைக்கப்பட்டதா என்று பார்ப்பார்கள். ஆய்வு நடந்ததா என்று கேட்பதை அநாகரிகமாக நினைப்பார்கள்.

எத்திக்ஸ் கமிட்டிக் கடிதத்தை மட்டும் சில்லறை விஷயமாக நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஸ்காட் ரூபென் என்ற வலி நிவாரண நிபுணர் சிக்கியது புள்ளியியலால் அல்ல. 2008இல் அவருடைய மருத்துவமனையில் நடந்த வழக்கமான தணிக்கையில் இரண்டு ஆய்வுச் சுருக்கங்களுக்கு அனுமதிக் கடிதம் இல்லை என்று தெரிந்தது. நூலைப் பிடித்து இழுத்தார்கள். 21 கட்டுரைகள் உருவிக்கொண்டு வந்தன. நோயாளிகளே இல்லாத ஆய்வுகள். மனிதர் ஆறு மாதம் சிறைக்குப் போனார். (அந்தச் செய்தியை முதலில் வெளியே கொண்டுவந்த ஆடம் மார்கஸ் அப்போது மயக்க மருத்துவச் செய்தி ஏடு ஒன்றின் ஆசிரியராக இருந்தார். 2010இல் இன்னொருவரோடு சேர்ந்து, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கென்றே 'ரிட்ராக்‌ஷன் வாட்ச்' தொடங்கினார். ஒரு துறையின் பொய்யர்களே அதன் காவல்காரனுக்கும் பிழைப்புக் கொடுத்தார்கள்.)

மருந்தைத் தேர்ந்தெடுப்பதிலும் சூட்சுமம் உண்டு. வாந்தியோடு நின்றால் பிழைத்தீர்கள். ஜெர்மனியின் யோவாகிம் போல்ட் நிற்கவில்லை. அறுவை சிகிச்சையில் ரத்தத்தின் அளவு குறையும்போது ஏற்றும் ஸ்டார்ச் திரவத்துக்கு அவர் பெரிய வக்கீல். 2009இல் வந்த அவருடைய கட்டுரை ஒன்றில் இன்டர்லூக்கின்-6 என்ற பொருளின் அளவு நோயாளிக்கு நோயாளி கிட்டத்தட்ட மாறவே இல்லை. திட்ட விலக்கம் அவ்வளவு சிறியது. வாசகர்கள் அதை வெளியிட்ட 'அனஸ்தீசியா அண்ட் அனல்ஜீசியா' இதழின் அன்றைய ஆசிரியர் ஸ்டீவன் ஷேஃபருக்கு எழுதினார்கள், அவர் விசாரிக்கச் சொன்னார், எத்திக்ஸ் அனுமதி இல்லாத கட்டுரைகள் ஏறக்குறைய 90 அம்பலமாயின. 2013இல் ஆய்வாளர்கள் அவருடைய ஆய்வுகளை ஒதுக்கிவிட்டு, கடும் நோயாளிகளைப் பற்றிய மற்ற ஆய்வுகளை மட்டும் கூட்டிப் பார்த்தார்கள். ஸ்டார்ச் ஏற்றப்பட்டவர்களிடம் மரணமும் சிறுநீரகச் செயலிழப்பும் கூடுதலாக இருந்தன. போல்டின் எண்கள் சேர்ந்திருந்தவரை அது தெளிவாகத் தெரியவில்லை. இந்தப் பத்தியில் நகைச்சுவைக்கு இடமில்லை; கையேட்டின் அடுத்த படிக்குப் போவோம்.

அடுத்த படியின் பெயர் ஜான் கார்லைல். இங்கிலாந்தின் டார்க்கீ நகரில் மயக்க மருத்துவர். பகலில் நோயாளிகளைத் தூங்கவைப்பவர், ஓய்வு நேரத்தில் ஆய்வாளர்களின் தூக்கத்தைக் கெடுக்கிறார். 2012இல் ஃபூஜியின் 168 ஆய்வுகளின் வயது, எடை, உயர அட்டவணைகளை எடுத்து, இவை குலுக்கலில் தற்செயலாக அமைந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட்டார். சில அளவுகளுக்கு வந்த விடை: ஒன்றுக்குப் பின்னால் 33 பூஜ்யம் போட்டால் வரும் எண்ணில் ஒரு பங்குக்கும் குறைவு. பிறகு 2017இல் எட்டு இதழ்களில் வந்த 5,087 ஆய்வுகளை இதேபோல் சலித்தார். மத்தியதரைக் கடல் உணவைப் புகழ்ந்த, உலகப் புகழ்பெற்ற ஸ்பானிய ஆய்வு அதில் மாட்டியது. அங்கே மோசடி இல்லை. சில இடங்களில் குலுக்கல் ஒழுங்காக நடக்கவில்லை. 2018இல் அதைத் திரும்பப் பெற்று, திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். மோசடி செய்யாதவர்களையே அந்தச் சல்லடை விடவில்லை என்றால் உங்கள் கதி என்ன?

ஆகவே யாராவது எக்செல் கோப்பைக் கேட்டால் கம்ப்யூட்டர் திருட்டுப் போய்விட்டது என்று சொல்லிப் பாருங்கள். கார்லைல் ஆசிரியர் குழுவில் இருந்த 'அனஸ்தீசியா' இதழுக்கு மூன்றாண்டில் வந்த 526 ஆய்வுகளில், நோயாளி வாரியான கோப்பு கிடைக்காதவற்றில் அவரால் 2 விழுக்காட்டில்தான் பொய்த் தரவைக் கண்டுபிடிக்க முடிந்தது. கோப்பு கிடைத்த 153இல் அது 44 விழுக்காடு. ஒரு நோயாளியின் வரிசை அப்படியே பத்து வரி தள்ளி இன்னொருவருக்கும் வந்திருப்பது சராசரியில் தெரியாது, கோப்பைத் திறந்தால் பல்லிளிக்கும். நம்பவே தகாத அளவுக்குப் பொய் மண்டிய ஆய்வுகளுக்கு அவர் 'ஜோம்பி' என்று பெயர் வைத்தார்.

அத்தனையும் மீறி மாட்டிக்கொண்டாலும் மனம் தளர வேண்டாம். கட்டுரையின் குறுக்கே 'திரும்பப் பெறப்பட்டது' என்று அச்சடிப்பார்கள். ஆனால் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது அபூர்வம். ரூபெனின் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டு ஐந்தாண்டு கழிந்த பின்னும் அவற்றை ஆதாரமாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள், பெரும்பாலானவர்கள் அவை செத்த கட்டுரைகள் என்ற குறிப்புக்கூட இல்லாமல். உங்கள் பட்டியலிலும் மேற்கோள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கும். அடுத்த பதவி உயர்வு விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிட மறந்துவிடாதீர்கள்.