பன்னிரண்டரை லட்சத்துக்குப் போன ஊர்

தரங்கம்பாடி போவதென்று முடிவான அன்று ராத்திரியே அம்மா புளிக்காய்ச்சல் காய்ச்ச உட்கார்ந்துவிட்டாள். கும்பகோணத்திலிருந்து காரில் இரண்டு மணி நேரம்தான். புளியோதரை, தயிர்சாதம், மாவடு, ஒரு டின் முறுக்கு, இரண்டு குடம் தண்ணீர். 1618-இல் கோபன்ஹேகனில் கப்பலேறி இந்த ஊருக்கு வந்து சேர்ந்த டேனிஷ் தளபதி ஓவே யெட்டேகூட இத்தனை மூட்டை கட்டியிருப்பாரா என்பது சந்தேகம்.

ஊருக்குள் நுழைய 1792-இல் கட்டிய வெள்ளை வாசல் ஒன்று இருக்கிறது. "கல்யாண மண்டப ஆர்ச் மாதிரி இருக்கு" என்றார் அப்பா. அதற்குமேல் அவருக்கு அதில் அக்கறை இல்லை. இந்தக் கடற்காற்றில் ஓசோன் அதிகம் என்று யாரோ சொல்லிவிட்டதால் இறங்கியதும் மூக்கு விடைக்க இழுக்க ஆரம்பித்தார். ஓசோனை அப்படி இழுப்பது நுரையீரலுக்கு நல்லதில்லை என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். ஆசையாக இழுக்கிறார், இழுக்கட்டும்.

1706-இல் இங்கே வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். 1715-இல் புதிய ஏற்பாட்டையே இந்த ஊரில் தமிழில் அச்சடித்தார். இதை என் மனைவி பையனுக்கு உருக்கமாகச் சொல்லி, "நீயும் எழுது" என்றாள். அவன் விரலால் 'தறங்கம்பாடி' என்று எழுதினான். அலை வரும்வரை அவள் காத்திருக்கவில்லை. காலாலேயே அழித்துவிட்டாள்.

டான்ஸ்போர்க் கோட்டைக்குள் வெயில் மண்டையைப் பிளந்தது. பையன் போனைப் பார்த்து, "தாத்தா, 1845-ல டேனிஷ்காரங்க இந்த ஊரை இங்கிலீஷ்காரங்களுக்கு வித்துட்டாங்களாம். வங்காளத்துல இருக்கிற செராம்பூரும் சேர்த்து 12.5 லட்சம்" என்றான்.

அப்பா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "பன்னிரண்டரையா? கடல் பார்த்த மனை, கோட்டையோடவா? எந்த மடையன்டா கையெழுத்துப் போட்டான்?"

அம்மா முறுக்கு டின்னைத் திறந்தாள். "செட்டிமண்டபத்து மனையை வித்து ஸ்கூட்டர் வாங்கின மாதிரி ஒருத்தன்தான் போட்டிருப்பான்."

அந்த ஸ்கூட்டர் எனக்கு நினைவிருக்கிறது. பச்சை நிறம். சாய்த்துப் பிடித்து உதைத்தால்தான் கிளம்பும். அந்த மனையில் இப்போது மூன்று மாடி நிற்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அப்பா எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போவார்.

"டேனிஷ்காரனாவது 225 வருஷம் வெச்சிருந்தான்" என்று ஒரு முறுக்கை உடைத்தாள் அம்மா. "நீங்க மூணே வருஷம்."

அப்பா பேசவில்லை. புளியோதரையும் இரண்டாம் முறை கேட்கவில்லை. அது எங்கள் வீட்டில் நடக்காத காரியம்.

சாயங்காலம் மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போனோம். 1306-இல் பாண்டியர் காலத்தில் எழுந்த கோயில். முன்பக்கத்தைப் பெரிதும் கடல் தின்றுவிட்டது. மிச்சத்தைக் காக்கக் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். அப்பா அந்தக் கற்களையும் அலையையும் மாறி மாறிப் பார்த்தார். மத்தியானத்திலிருந்து தொங்கிப்போயிருந்த முகம் மெல்லத் தெளிந்தது.

"பார்த்தியா? இடத்தைக் கடல் கொண்டுபோயிடும்னு தெரிஞ்சுதான் வித்திருக்கான். விவரமான ஆளுடா. எதை எப்போ தள்ளிவிடணும்னு ஒரு கணக்கு இருக்கு."

அம்மா காலி டின்னை மூடினாள்.

"ஏங்க, செட்டிமண்டபத்துல ஏது கடல்?"