‘மச்சி, லேக்குடா!’ – ஆன்லைன் சாவுகள் குறித்து ஓர் ஆய்வு

ஆன்லைன் துப்பாக்கி விளையாட்டில் ஒருவர் செத்ததும் ஹெட்ஃபோனில் எழும் முதல் குரல் ‘மச்சி, லேக்குடா!’ என்பதே. செத்தவரைத் தவிர வேறு யாரும் இப்படிக் கத்துவதில்லை. கொன்றவர் வாயில் இந்தச் சொல் வந்ததே கிடையாது. எனவே லேக், அதாவது இணையத் தாமதம், தோற்பவரை மட்டுமே பீடிக்கும் நோய் என்பது இவ்வாய்வின் முதல் கருதுகோள்.

நோய்க்குக் காரணம் யார் என்பதில் அறிஞர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள். சர்வர் சரியில்லை என்பது ஒரு கட்சி. கடலுக்கடியில் கேபிள் அறுந்துவிட்டது என்பது இன்னொன்று. தங்கச்சி யூடியூப் பார்க்கிறாள் என்பது மூன்றாவது. முதல் இரண்டிலும் பழி வெளியூருக்குப் போய்விடுவதால் வீட்டில் நிம்மதி நிலவும். மூன்றாவது உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருப்பதால் சண்டை வரும்.

தூரத்தை முதலில் பைசல் செய்துவிடலாம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சென்னைக்கும் மும்பைக்கும் நேர்கோட்டில் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். போய்வர 10 மில்லிநொடி. கேபிள் வளைந்து நெளிந்து போவதற்கும் நடுவழி ரவுட்டர்களுக்கும் சேர்த்து 30 காட்டினாலும் குறை சொல்வதற்கில்லை. சிங்கப்பூர் சர்வர் என்றால் கதை வேறு. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்க 2002இல் வந்த ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் 3,000 கிலோமீட்டருக்கு மேல். அந்த வழியில் 30 மில்லிநொடிக்குக் கீழே இறங்க எந்த ரீசார்ஜ் பிளானாலும் முடியாது.

கேபிள் அறுவது கட்டுக்கதை இல்லை. 2008 ஜனவரிக் கடைசியில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே இரண்டு கேபிள்கள் அறுந்து, இந்தியாவில் இணையம் திணறியது. ஆனால் அது பத்திரிகைகளில் வந்த செய்தி. ஒரு வீட்டு மாடியறைக்காக மட்டும், அதுவும் தினமும் இரவு எட்டரைக்கு, கடலில் கேபிள் அறுவதாகத் தெரியவில்லை.

ஆய்வுக் கருவி ‘பிங்’. ஒரு செய்தி போய்வர எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று காட்ட, 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சின்ன நிரல். நீர்மூழ்கியைத் தேடும் சோனார் ஒலிதான் பெயருக்கு மூலம். முதலில் வீட்டு ரவுட்டருக்குப் பிங் அனுப்ப வேண்டும், அப்புறம்தான் வெளியே. அடுத்த அறையில் இருக்கும் ரவுட்டரே 5, 7, 180, 6 என்று துள்ளிப் பதில் சொன்னால் மும்பையைத் திட்டிப் பயனில்லை. குற்றவாளி வைஃபை. அது 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடினால், அதே அலைவரிசையில் உறுமும் மைக்ரோவேவ் அடுப்பையும் விசாரணைக்கு அழைக்கலாம். மருந்து லேன் கேபிள். கூடத்தின் குறுக்கே அதை இழுக்க அம்மாவிடம் அனுமதி வாங்குவது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ரவுட்டர் வரை சுத்தம், வெளியே போனால்தான் எகிறுகிறது, அதுவும் யாரோ கல்யாண வீடியோவை கிளவுடில் ஏற்றும்போது என்றால், அந்த வியாதிக்கு பஃபர்புளோட் என்று பெயர். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டு இணைப்பை நோண்டும்போது இதைக் கண்டுகொண்டு ஊரைக் கூட்டினார். மோடமும் ரவுட்டரும் தரவுத் துண்டான எந்தப் பாக்கெட்டையும் தொலைக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்திக்கொள்கின்றன. மளிகைக் கடையில் கல்யாணச் சாமான் பட்டியலோடு நிற்பவருக்குப் பின்னால் தீப்பெட்டி வாங்க வந்தவன் நிலைதான் விளையாட்டின் குட்டிப் பாக்கெட்டுக்கு. 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் ‘கோடெல்’ என்ற முறையைக் கொண்டுவந்தார்கள்: வரிசையில் ரொம்ப நேரம் காத்துக் கிடந்தால் சில பாக்கெட்டுகளைத் தூக்கி எறி, அனுப்புகிறவன் தானே வேகத்தைக் குறைப்பான். சில ரவுட்டர்களில் இந்த வசதி உண்டு. அப்லோடு வேகத்தை உண்மையான அளவுக்குச் சற்றுக் கீழே கட்டிவைத்தாலும் பெரும்பாலும் சரியாகும். ஆக, தங்கச்சி வீடியோ பார்ப்பதைவிட அண்ணன் வீடியோ ஏற்றுவதுதான் ஆபத்து.

இனி மர்மச் சாவு. பிங் 25, பாக்கெட் லாஸ் பூஜ்யம். ஆள் சுவருக்குப் பின்னால் ஒளிந்தும் ஆயிற்று. அப்புறமும் செத்தான்.

வால்வ் என்ற விளையாட்டு நிறுவனத்தின் யான் பெர்னியர் 2001இலேயே இதை எழுதி வைத்துவிட்டார். ஒருவர் சுட்டால், அவர் திரையில் அந்த நொடி என்ன தெரிந்ததோ அந்த நிலைக்கு சர்வர் காலத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறது. சுட்டவரின் பிங் 120 என்றால், அவர் கண்ணுக்கு இவன் இன்னும் வெளியேதான் நிற்கிறான். குறி சரி, மரணம் சரி. லேக் என்று செத்தவன் கத்தியதும் சரிதான். ஆனால் அந்த லேக் கொன்றவருடையது. அவர் ஏன் வாயே திறப்பதில்லை என்பதும் விளங்குகிறது. முதல் கருதுகோள் இத்துடன் வாபஸ்.

எஞ்சியிருப்பது டிக் சர்ச்சை. 64 டிக் சர்வர் நொடிக்கு 64 முறை, அதாவது 15.6 மில்லிநொடிக்கு ஒருமுறை, விளையாட்டு உலகைக் கணக்கிடுகிறது. 2020இல் வாலரண்ட் என்ற துப்பாக்கி விளையாட்டு 128 டிக்கோடு வந்தபோது அது 7.8 ஆனது. இந்த எட்டு மில்லிநொடிக்காக விடிய விடிய வாதாடும் அறிஞர்கள், எதிரியைக் கண்டு மவுஸை அழுத்தச் சாதாரணமாக 200 மில்லிநொடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தத் தாமதத்தையும் அளந்து பார்க்கலாம். பரிசோதனைக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.