ரேகைத் துரையும் ரோசாப்பூத் துரையும்

நாகமலை புதுக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது டீக்கடையை. டீ கைக்கு வந்த பிறகுதான் மலை கண்ணில் படும். நீளமாக, அலுத்துப்போய்ப் படுத்திருக்கும் அந்த மலை உண்மையில் ஒரு பாம்பு. மதுரையை விழுங்கிவிட்டு வரச் சொல்லிச் சமணர்கள் ஏவினார்களாம். பாண்டியன் அம்பு விட்டான், அது மலையாகக் கிடக்கிறது என்கிறது திருவிளையாடல் புராணம். சம்மன் இல்லை, வாய்தா இல்லை, பாம்பின் தரப்பு வக்கீல் இல்லை. ஏவியது யாரோ, அடி வாங்கியது யாரோ. பிறகு வந்த சர்க்கார்கள் மதுரையிலிருந்து எதைக் கற்றுக்கொண்டார்களோ இல்லையோ, இந்த விசாரணை முறையை மட்டும் சுத்தமாகக் கற்றுக்கொண்டார்கள்.

பக்கத்து ஊர் கீழக்குயில்குடி. மலையடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். மேலே பாறையில் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக மகாவீரர் உட்கார்ந்திருக்கிறார். எத்தனை துரை, எத்தனை தாசில்தார் வந்தாலும் எழுந்து நிற்காத ஒரே ஆள் அந்த ஊரில் அவர்தான். மற்றவர்கள் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. அதுவும் ராத்திரியில்.

குற்றப் பழங்குடிச் சட்டம் வடக்கே 1871-ல் பிறந்தது. சட்டத்துக்குச் சொன்ன நியாயம் அழகானது: இந்தியாவில் தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி, ஆகவே திருடன் மகன் திருடன். வியாபாரம் செய்ய வந்து நாட்டையே மூட்டை கட்டிய கம்பெனியின் வாரிசுகளுக்கு என்ன பரம்பரைத் தொழில் என்று சபையில் யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடியவர்கள் சபையில் இல்லை. 1911-ல் சட்டத்தைத் திருத்தி மெட்ராஸ் மாகாணத்துக்கும் கொண்டுவந்தார்கள். ஒரு கூட்டத்தைக் குற்றக் கூட்டம் என்று அறிவித்தால், அந்த அறிவிப்பு சரியா தப்பா என்று எந்தக் கோர்ட்டும் கேட்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். கதவைச் சாத்தியதோடு நில்லாமல் திண்ணையையும் இடித்துவிட்டார்கள்.

1914-ல் மதுரைப் பக்கம் இந்தச் சட்டம் முதலில் இறங்கிய இடம் நம்ம கீழக்குயில்குடி. அடுத்த சில வருஷங்களில் பிரமலைக் கள்ளர் சமூகம் வாழும் பகுதி முழுக்கப் பரவியது. திருடினாயா என்ற கேள்விக்கே இடமில்லை. பிறந்தாயா என்பதுதான் கேள்வி.

அதற்கு முன்னால் கள்ளர் மக்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பலர் ஊர்க்காவல் பார்த்தார்கள். ஊர் காவல்கூலி கொடுக்கும். களவு போனால் காவல்காரர் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். மாடு தொலைந்தால் துப்புக்கூலி என்று ஒன்று உண்டு. அதைக் கொடுத்தால் மாடு எங்கே என்று துப்பு வரும், மாடும் வரும். மாட்டைக் கொண்டுபோனவருக்கும் துப்புச் சொன்னவருக்கும் என்ன உறவு என்று மாட்டுக்காரர் தோண்டமாட்டார். மாடு வீடு வந்தால் போதும். எல்லாம் தர்மப்படி நடந்தது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் காணாமல் போன பொருள் திரும்பிவராவிட்டால் ஈடு கட்டுவேன் என்று சொன்ன போலீஸை அதற்கு முன்னும் பின்னும் இந்த நாடு பார்த்ததில்லை. சர்க்கார் போலீஸ் வந்தது. ஒரே தெருவில் இரண்டு டீக்கடை. பெரிய கடைக்காரர் சின்னக் கடைக்காரரைக் குற்றப் பரம்பரை என்று அறிவித்துவிட்டார்.

அப்புறம் ரேகை. ஜனங்கள் சட்டத்தின் நம்பரையா ஞாபகம் வைத்திருப்பார்கள்? 'ரேகைச் சட்டம்' என்றார்கள், முடிந்தது. வயதுக்கு வந்த ஆணெல்லாம் விரல்களை மையில் உருட்ட வேண்டும். ராத்திரி கச்சேரியிலோ சாவடியிலோ ஆஜர் கொடுக்க வேண்டும். பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போக வேண்டுமென்றால் சீட்டு. கல்யாணமான அன்றைக்கே மாப்பிள்ளை சாவடியில் படுத்த கதையை ஊர்ப் பெரிசுகள் இன்றைக்கும் சொல்வார்கள். சொல்லும்போது சிரிப்பார்கள், கேட்கிறவர்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மலையைப் பார்க்க வேண்டியிருக்கும்.

இனி, இந்த மக்களைச் சீர்திருத்த வந்த துறை. 1920-ல் மெட்ராஸ் சர்க்கார் தொழிலாளர் கமிஷனர் என்று ஒருவரை உட்கார வைத்தது. பெயரைக் கேட்டால் மில், ஆலைச் சங்கு, கூலித் தகராறு என்று நினைப்பீர்கள். அதுவும் இருந்தது. கூடவே தாழ்த்தப்பட்டோருக்குக் கிணறு வெட்டுவது, வீட்டுமனை வாங்கிக் கொடுப்பது, பள்ளிக்கூடம் வைப்பது. அதோடு குற்றப் பழங்குடிகளின் குடியிருப்புகள். எந்த மேஜையிலும் இடம் கிடைக்காத காகிதத்தையெல்லாம் அந்த மேஜையில் கொட்டினார்கள். உழைக்கிறவன், ஒடுக்கப்பட்டவன், ஒளிந்துகொள்வான் என்று சந்தேகிக்கப்படுகிறவன் மூன்று பேரும் சர்க்கார் கண்ணுக்கு ஒரே ஆளாகத் தெரிந்திருக்கிறார்கள். 1949-ல் அந்தத் துறை ஹரிஜன நலத்துறை என்று பெயர் மாற்றிக்கொண்டது.

நல்லதும் செய்தார்கள், இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 'கள்ளர் சீரமைப்பு' என்று பெயர் வைத்துப் பள்ளிக்கூடம் திறந்தார்கள், கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள், ஏரைக் கையில் கொடுத்து உழச் சொன்னார்கள். பெரியாற்றுத் தண்ணீர் 1895-லேயே மேலூர்ப் பக்கம் பாய்ந்துவிட்டது. உசிலம்பட்டிப் பக்கம் வானம் பார்த்த பூமி. ஏர் வந்தது, யோசனை வந்தது, தண்ணீர் வரவில்லை.

வடக்கே இதே வேலையைப் பக்தியோடு செய்தவர் ஒருவர் உண்டு: சால்வேஷன் ஆர்மியின் பூத் டக்கர். ஐ.சி.எஸ். வேலையை உதறிவிட்டு, காவி உடுத்தி, பக்கீர் சிங் என்று பெயர் வைத்துக்கொண்டவர். குற்றத்தைக் குணப்படுத்தும் வைத்திய சாஸ்திரம் என்று ஒன்றைக் கண்டுபிடித்து, அதற்கு வாயில் நுழையாத ஒரு இங்கிலீஷ் பெயரும் வைத்தார். நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கும் பழக்கம் மட்டும் அந்தச் சாஸ்திரத்தில் இல்லை.

கேட்டவர் வேறொருவர். செங்கன்னூரில் 1887-ல் பிறந்து, லண்டனில் பாரிஸ்டர் படித்து, மதுரைக்கு வந்து வக்கீல் தொழில் பார்த்த ஜார்ஜ் ஜோசப். மலையாளி, சிரியன் கிறிஸ்தவர், கோட்டு சூட்டு. மதுரைக்கும் அவருக்கும் ஒட்டு உறவு எதுவும் இல்லை. 1918-ல் ஹார்வி மில் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டினார். கூலி கூடியது, வேலை நேரம் குறைந்தது. அந்தக் கை காய்வதற்குள் ரேகைச் சட்டத்தையும் எடுத்துக்கொண்டு கோர்ட்டிலும் பத்திரிகையிலும் சண்டை போட்டார். சர்க்கார் ஒரு கமிஷனர், பல குமாஸ்தாக்கள், டவாலிச் சேவகர் வைத்துச் செய்ய நினைத்ததை இவர் ஒரு கறுப்புக் கோட்டை வைத்துக்கொண்டு செய்தார். என்னைக் கேட்டால் மதுரையின் முதல் தொழிலாளர் மற்றும் சமூகநல அமைச்சகம் அந்தக் கோட்டுதான்.

ஜோசப் என்ற பெயர் நம் வாயில் உருண்டு ரோசாப்பூ ஆயிற்று என்பார்கள். கோட்டில் ரோஜா குத்தியிருப்பார், அதனால் என்பாரும் உண்டு. எப்படியோ, ரோசாப்பூத் துரை. கள்ளர் நாட்டு வீடுகளில் பிள்ளைகளுக்கே ரோசாப்பூ என்று பெயர் வைத்தார்கள். ரேகை உருட்டிய துரைகளின் பெயரைத் தேட ஆவணக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும்.

1920 ஏப்ரல் 3. பெருங்காமநல்லூர் கிராமத்தில் ரேகை வைக்க மாட்டோம் என்று மக்கள் நின்றார்கள். போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். இந்த இடத்தில் எனக்குக் கேலி வரவில்லை.

ஜோசப் 1938-ல் போய்ச்சேர்ந்தார். முத்துராமலிங்கத் தேவர், ஜீவானந்தம் என்று பலர் போராடி, 1947-ல் மெட்ராஸில் சட்டம் ஒழிந்தது. வாசல் வழியாக 1947-ல் வெளியே போனது, கொல்லை வழியாக 1948-ல் 'பழங்குற்றவாளிகள்' சட்டம் என்று உள்ளே வந்தது. நாடு முழுக்க ரத்தானது 1952 ஆகஸ்ட் 31-ல். ஐந்து வருஷம் முந்தி வந்த சுதந்திரம் அதுவரை எந்தச் சாவடியில் படுத்திருந்ததோ.

பிறகு பெயர் சூட்டு விழா ஆரம்பமானது. குற்றப் பழங்குடியினர் சீர்மரபினர் ஆனார்கள். 1979-ல் ஒரு தமிழ்நாட்டு அரசாணை 'பழங்குடி'யை எடுத்துவிட்டு 'வகுப்பு' என்று போட்டது. டெல்லியோ பழங்குடி என்றால்தான் திரும்பிப் பார்க்கும். 2019-ல் சமாதானம் பண்ணினார்கள்: மாநிலத்துக்கு டி.என்.சி., மத்திய அரசுக்கு டி.என்.டி. ஒரே ஆள், ஒரே வீடு, ஒரே மூக்கு; சென்னைக்கு விண்ணப்பம் போட்டால் வகுப்பு, விந்திய மலை தாண்டினால் பழங்குடி. ஒரே சான்றிதழாகத் தருகிறோம் என்று 2024-ல்தான் அறிவிப்பு வந்தது. இடையில் டெல்லியில் ரெங்கே கமிஷன், இதாதே கமிஷன் என்று கமிஷன்கள் வந்து அறிக்கை கொடுத்தன. அறிக்கைகளுக்கு ராத்திரி ஆஜர் கிடையாது. அலமாரியில் நிம்மதியாகத் தூங்கலாம்.

போன மாதம் ரேஷன் கடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர், எழுபது தாண்டியவர். கருவியில் பெருவிரலை வைக்கிறார், வைக்கிறார், பச்சை விளக்கு எரியவே இல்லை.

"ரேகை விழல பெரியப்பா. வேற வெரல வைங்க."

வேறு விரல். அதுவும் விழவில்லை. துண்டில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். பின்னால் வரிசை முனக ஆரம்பித்தது.

"காடு கரையில தேஞ்ச வெரலுய்யா, எப்படி விழும்? எங்க அய்யா ரேகை பத்து வெரலும் சர்க்கார்கிட்டதான் கெடக்கு. அதுல ஒண்ண எடுத்து வச்சுப் பாரு."